நத்தைக்கு எதுக்கு ராக்கெட்டு

எட்டு டிக்கெட், என் செலவு.
வெளியே வந்ததும் சோலைமலை
செருப்பைத் தொலைத்தவன்போல்
தரையையே பார்த்து நடந்தான்.
தம்பி அழுகிறானோ என்று குனிந்து பார்த்தேன்.
இல்லை, கோபம்.

மாட்டுத்தாவணிக்கு எதிர்ச்சந்தில் பரோட்டாக் கடை.
இரண்டு மேசையை ஒட்டிப் போட்டு
இலை விழுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்:
"நத்தைக்கு எதுக்குக்கா ராக்கெட்டு?"

கேட்பது நியாயம்தான்.
நாங்கள் பார்த்த கார்ட்டூனில் அது தபால்காரன்.
ஓட்டின் மேல் ஒரு தோல்பை,
வாரத்துக்கு ஏழு நிமிடம்,
ஒரு வார்த்தை பேசாது.
கல்யாணப் பத்திரிகை போய்ச் சேரும்போது
மாப்பிள்ளைக்குத் தலை நரைத்திருக்கும்.
பத்திரிகை கிடைத்த தவளை
அப்போதும் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும்.
அவர்களும் ஒன்றும் சொல்லாமல்
அதற்காக இன்னொரு கேக் வெட்டுவார்கள்.

படத்தில் நத்தை பேசுகிறது.
எஃப்எம்மில் விளம்பரம் படிக்கிறவன் மாதிரி
மூச்சு விடாமல் பேசுகிறது.
அதற்குச் செத்துப்போன ஓர் அப்பா,
உப்பு விற்கிற ஒரு வில்லன்,
ஓட்டுக்குள் ராக்கெட்.
எழுதியவன் பேனாவை மூடுவதற்குள்
கடிதம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

"பின்ன லேட்டாப் போனா திட்ட மாட்டாங்களா?"
இது கிருத்விக், தம்பி பெற்றது.
"ராக்கெட் சீன்தான்ப்பா படமே."
பெற்ற பிள்ளையை அவன் பார்த்த பார்வை
எதிர்க்கட்சிக்காரனைப் பார்ப்பது.

"கிராபிக்ஸ் ஓகே" என்றான் என் மூத்தவன்,
போனிலிருந்து தலை எடுக்காமல்.

என் வீட்டுக்காரர் வில்லன் பக்கம்.
கீழமாசி வீதியில் மளிகை மண்டி,
உப்பு மூட்டை பார்த்தே வளர்ந்த குடும்பம்.
"அவன் யாவாரத்தை அவன் பாக்குறான்.
ரோட்டுல குறுக்க வந்தது யாரு, நத்தைதான?"

பிரிசில்லா கார்ட்டூனே பார்த்ததில்லை.
அவள் பிறந்த வீட்டில் டிவி பாவம்.
"அந்த அப்பா நத்தை
கண்ணு ரெண்டையும் உள்ள இழுத்துக்கிச்சு பாருங்க..."
சொல்லும்போதே குரல் உடைந்தது.
போன ஆடியில்தான் பெரியாஸ்பத்திரியில்
அவள் அப்பாவை வெள்ளைத் துணியில் சுற்றித் தந்தார்கள்.
தம்பி சால்னாவை அவள் பக்கம் தள்ளிவைத்தான்.
கொஞ்ச நேரம் கொத்துக் கரண்டிச் சத்தம் மட்டும்.

"ஏசி நல்லா இருந்துச்சு" என்றார் எங்கள் அப்பா.
முப்பத்தோரு வருடம் கண்டக்டர்,
இருட்டானால் தூங்கிவிடுவார்.
"பாப்கார்ன்தான் ஆயிரத்து நூறு.
அது மெதுவாப் போயிருந்தா
இன்னொரு டப்பா கேட்டிருப்பீக."

தம்பி விடவில்லை.
"பேசாம இருந்ததுதான்க்கா அதோட அழகு."

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
இடைவேளைக்குப் பிறகு மூன்று நிமிடம்
தியேட்டரில் சவுண்டு போயிருந்தது.
ஆபரேட்டரின் அம்மாவை இழுத்து ஒருவன் கத்த,
எங்கும் விசில்.
திரையில் நத்தை சும்மா ஊர்ந்தது.
என் மடியில் இருந்த மகிழ்தினி மட்டும்
பாப்கார்னை மெல்லாமல்
வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளை யாரும் படம் எப்படி என்று கேட்கவில்லை.
ஐந்து வயது. பரோட்டாவும் தொடவில்லை.
உப்புக் கிண்ணத்தை எடுத்து
அவள் அப்பாவின் பக்கம் தூரத்தில் வைத்தாள்.
பிறகு ஆள்காட்டி விரலைச் சால்னாவில் நனைத்து
இலை விளிம்பில் ஏற்றி, இறக்கி,
எவர்சில்வர் மேசையின் குறுக்கே
மாமன் இருக்கும் பக்கமாக
இழுக்க ஆரம்பித்தாள்.

மெதுவாக.
காய்ந்ததும் நின்று,
திரும்பப் போய் நனைத்துக்கொண்டு,
விட்ட இடத்திலிருந்து.

தம்பி ஏதோ சொல்ல எடுத்த வாயோடு
டம்ளரைத் தூக்கி வழிவிட்டான்.
கிருத்விக் முழங்கையை எடுத்தான்.
மேசை துடைக்கிற பையன்
ஈரத்துணியோடு குனிந்தபோது
அப்பா கை நீட்டி, பழைய குரலில்:
"ஹோல்டான்."