குழாயில் வரும் உப்பு

மொந்தேவிதேயோவில் இது மூன்றாவது வாரம்.
குழாயைத் திறந்தால் கடல் எட்டிப் பார்க்கிறது.
சுரைக்குடுக்கையில் மாத்தே இலையை நிரப்பி
வெந்நீர் ஊற்றி, உலோகக் குழலால் உறிஞ்சினால்
கசப்புக்குப் பின்னால் ஒரு கரிப்பு,
அழுது முடித்தபின் வாயோரத்தில் தங்குமே, அது.
(இந்த உவமையை அடித்துவிட வேண்டும்.
யார் வேண்டுமானாலும் எழுதிவிடுவார்கள்.)

வானொலியில் அணையின் நீர்மட்டத்தைச் சொல்கிறார்கள்,
கால்பந்து முடிவு சொல்லும் அதே குரலில்.
அப்புறம் எங்கோ ஒரு போர். அப்புறம் கோதுமை விலை.
அப்புறம் சுகாதாரத் துறை:
குழந்தைகளும் இதய நோயாளிகளும் தவிர
மற்றவர்கள் அஞ்ச வேண்டியதில்லை.
நான் குழந்தை இல்லை. இதயமும் ஒழுங்காகத்தான் அடிக்கிறது.
அறுபத்தோரு வயது. ஒன்பதாம் அத்தியாயம்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் துறைமுக எடையாளர் ஒருவர்
கம்பளிப் பொதிகளை நிறுத்தபடியே நிற்கிறார்,
பிப்ரவரியிலிருந்து.
அவரை வீட்டுக்கு அனுப்ப எனக்கு வழி தெரியவில்லை.
நேற்றிரவு வெட்கத்தை விட்டு
இயந்திரத்திடம் கேட்டேன்.
பத்து நொடி.
மனிதர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்.
மனைவி கதவைத் திறக்கிறாள். அடுப்பில் கெட்டில் பாடுகிறது.
'மௌனம் அவர்களுக்கிடையே மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.'

தண்ணீரில்தான் உப்பு, இதில் உப்புமில்லை சப்புமில்லை
என்று உரக்கச் சிரித்தேன்.
சிரிப்பு முடிவதற்குள் ஏதோ உறுத்தியது.
அலமாரியின் கீழ்த்தட்டில் மண்டியிட்டுத் தேடினேன்.
என் முதல் நாவல், பக்கம் நூற்றுப் பதினான்கு.
அதே மௌனம். அதே மூன்றாவது ஆள்.
அந்த வரியை எழுதிய இரவு
தூக்கம் வராமல் ஹாலில் நடந்தவள் நான்,
முப்பத்திரண்டு வயதில்,
எனக்குள் ஏதோ இறங்கிவிட்டது என்ற கர்வத்தோடு.

என்னிடமிருந்துதான் எடுத்ததா?
இல்லை, இருவரும்
ஒரே பழைய குட்டையில் மொண்டோமா?

பதிப்பகத்தின் கடிதம் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்துக்குக் கீழே தொங்குகிறது.
அன்புள்ள நிபியா பெர்டோமோ,
தங்கள் ஏழு நாவல்களை இயந்திரப் பயிற்சிக்கு வழங்க,
ஒரே தவணையில்...
தொகையைத் தண்ணீர்க் கேனாக மாற்றிப் பார்த்தேன்.
இப்போதெல்லாம் எல்லாவற்றையும் அப்படித்தான்.
நாவலுக்கு நாற்பத்தாறு கேன், ஆறு லிட்டர் அளவில்.
இரண்டாவது நாவலுக்கு அது அதிகம்தான்.

வாஷிங்டன் கதவைத் தட்டினார்.
எங்கள் ஊரில் அது தலைநகரமோ ஜனாதிபதியோ அல்ல,
மூன்றாம் மாடி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்.
கடையில் கேன் வந்திருக்கிறதாம், தள்ளுவண்டியோடு போனோம்.
வரிசையில் நின்றபடி சொன்னார்:
"உன் இயந்திரமும் தண்ணீர் குடிக்குமாம் நிபியா,
சூடு தணிய. கேள்விக்கு ஒரு மடக்கு."
"யார் சொன்னது?"
"மருமகன்."
"அவனுக்கு யார் சொன்னது?"
"அதனிடமே கேட்டானாம்."

வரிசை நகரவில்லை.
முன்னால் நின்ற தடித்த மனிதர்
வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று கேன் தூக்கி
எது கனம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆறு லிட்டர் என்று இரண்டிலும் அச்சிட்டிருக்கிறது.
கண்ணை மூடிக்கொண்டு,
மறுபடியும்.
கடைசியில் இடக்கையில் இருந்ததை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மேலங்கியைக் கழற்றாமல் எழுதினேன்:
எடையாளர் படியேறுகிறார். ஒரு கையில் ரொட்டி, மறுகையில் சாவி.
கதவைத் திறக்காமல் நிற்கிறார்.
எது கனம்?
மனைவி உள்ளே இருக்கிறாளா என்று எனக்கே தெரியாது.

நல்ல வரியா, தெரியவில்லை.
முப்பது வருடம் கழித்து எவளாவது
கீழ்த்தட்டில் தேடி இதைக் கண்டுபிடிக்கலாம்.
கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை,
கிழிக்கவும் இல்லை.
பழக்கதோஷத்தில் குழாய்த் தண்ணீரையே கொதிக்க வைத்துவிட்டேன்.
சரி, இருக்கட்டும்.
கேனை நாளைக்குத் திறக்கலாம்.