மீதி ஒன்று

இரவு இரண்டேகால்.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை, மாடியறை.
திரையில் ஒரு எண் இறங்க மறுக்கிறது:
1.

கணினிக்குள் குடியிருக்கும் இன்னொரு கணினி.
தனக்கென்று சொந்தமாய் ஒரு வட்டு இருப்பதாக
நம்பிக்கொண்டிருக்கிறது.
இருப்பதோ எங்கள் சர்வரில் ஒரு கோப்பு.
அது படி என்றால் படித்துக் கொடுப்போம்,
எழுது என்றால் எழுதி வைப்போம்.
கேட்டதும் ஒன்று கூட்டு,
முடிந்ததும் ஒன்று கழி.
பூஜ்யமானால்தான்
அதை வேறு சர்வருக்குக் குடிமாற்றலாம்;
அதுவரை புதிதாக எதையும் வாங்காதே, காத்திரு
என்று எழுதியவள் நான்தான்.

காத்திருக்கிறது.
நாற்பது நிமிடமாக,
என்னைவிடப் பொறுமையாக.

போனவை எல்லாம் வந்துவிட்டன.
பதிவேட்டை மூன்று முறை மேலிருந்து கீழ் பார்த்தாயிற்று.
வட்டில் வேலை ஏதும் ஓடவில்லை.
ஆனாலும் ஒன்று.
எதைக் கேட்டது, யாருக்காகக் கேட்டது
என்பதெல்லாம் எண்ணுக்குத் தெரியாது.
எண்ணுக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

கீழ்வீட்டில் பித்தளை வில்லைகள் தரையில் கொட்டும் சத்தம்.
மாதப்பன் அண்ணன்,
மாம்பழக் கூழ் ஆலையில் லாரிக்கு டோக்கன் கொடுப்பவர்.
ஆனி மாதம் முழுக்க இப்படித்தான்,
டப்பாவை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார்.
எண்ணுகிறார். திட்டுகிறார்.
மறுபடி எண்ணுகிறார்.

நான் நூற்றுப்பன்னிரண்டாம் வரிக்கு வருகிறேன்.
எழுத இடமில்லை என்று வட்டு கைவிரித்தால்
பிழை என்று சொல்லிவிட்டு
நேராக வெளியேறு.
நேராக.
கழிக்கிற வரி அதற்கும் கீழே இருக்கிறது.

ஜன்னலைத் திறந்து கேட்டேன்:
'அண்ணே, அழுகல்னு திருப்பி அனுப்பின வண்டி ஏதாவது?'

கொஞ்ச நேரம் வில்லைச் சத்தம் இல்லை.

'ஆமா, பர்கூர் வண்டி ஒண்ணு.
எடைமேடைக்கே வரல, பின்கேட்டு வழியா போயிருச்சு…
அடச்சே, டோக்கனோட போயிட்டானா!
உனக்கு எப்படித் தெரியும் ஷாகிரா?'

எனக்குத் தெரியாது அண்ணே.
என் வண்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
பிழையாய்ப் போனாலும் கழித்துவிட்டுப் போ.
சோதனையை ஓடவிட்டு
ஆறிப்போன காபியைக் குடித்தேன்.
பதினொன்று, ஏழு, மூன்று,
ஒன்று, பூஜ்யம்.
எழுந்து விளக்கை அணைக்கப் போனவள்
திரும்பிப் பார்த்தேன்:

மைனஸ் ஒன்று.

கேட்காத எதுவோ ஒன்று
முடிந்து வந்திருக்கிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.