இரட்டைச் சுருள்

காட்பாடி யார்டை ஒட்டி மூன்றாவது வீடு.
ரயில் கம்பியின் முனகல் மொத்தமும்
என் கிட்டாரின் ஒற்றைச் சுருளில் வந்து குடியேறும்.
மெதுவாய் மீட்டினால் பளிங்கு.
டிஸ்டார்ஷனை மிதித்தால்
இன்ஜினே கூடத்துக்குள் நிற்கும்.

ஞாயிறு காலை சர்ச்சில் லைட் ராக்,
சனி ராத்திரி தோட்டப்பாளையம் ஷட்டருக்குள் மெட்டல்.
கிட்டார் ஒன்றுதான்;
ராணிப்பேட்டைத் தோல் ஷெட் சம்பளம்
இன்னொன்றைப் பற்றி யோசிக்க விடாது.

செராமிக் காந்தம் போடு, தோல் கிழியணும்டா
என்றான் டிரம்ஸ் இம்தியாஸ்.
அல்னிகோ, என்றாள் சாலமியாள்,
கார்டுல எத்தனை சுரம் இருக்குன்னு தெரியணும்.
ஒரு வாரச் சண்டை. பரோட்டா பில் என் தலையில்.

கடைசியில் அல்னிகோ ஐந்து, ஹம்பக்கர் இரண்டு.
எதிரெதிராய்ச் சுற்றிய கம்பிகள்
ஒன்றின் இரைச்சலை இன்னொன்று தின்னும்,
பாட்டை விட்டுவைக்கும்.
எங்கள் குழுவில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.
குமிழை இழுத்தால் ஒரு சுருள் தூங்கிவிடும்,
ஞாயிற்றுக்கிழமைக்காக.

லாங் பஜார் செல்போன் கடையில்
ஷகீனா பற்றவைத்தாள்.
கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில்
கறுப்பும் பச்சையும் இடம் மாறிவிட்டன.
இரண்டும் சேரும் நடு நிலையில் மட்டும்
ஒல்லியாய் ஒரு குரல்,
சளி பிடித்தவன் ரகசியம் சொல்வதுபோல்.

மாத்தித் தரேன், பத்து நிமிஷம் என்றாள்.
பற்றுக்கோல் புகைந்துகொண்டிருந்தது.
வேண்டாம் என்றேன்.

இம்தியாஸ் முகம் சுளித்தான்.
பாஸ்டர் கவனிக்கவே இல்லை.
இரவு ஷிப்ட் இல்லாத நாளில்
நடு நிலையில் வைத்து வாசிக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே சரக்கு வண்டி போகிறது,
ஐம்பத்தெட்டுப் பெட்டி.