பின்கேட்டுக்காரன்

கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும்.
முன்பெட்டியிலிருந்து செல்வராணி இறங்கிச் சாத்துவாள்.
தாண்டிப் போய் மறுபடி நிற்கும்.
கடைசிப் பெட்டியிலிருந்து நான் இறங்கித் திறப்பேன்,
ஓடிவந்து ஏறிக்கொள்வேன்.
திருத்துறைப்பூண்டிக்கும் அகஸ்தியம்பள்ளிக்கும் நடுவே
முப்பத்தேழு கிலோமீட்டர்
இதுதான் உத்தியோகம்.

இதற்கு முன்னால் பதினேழு வருடம்
பாலைவனத்தில் எல்லைக்காவல்.
ஜெய்சல்மேர் மஞ்சள் கல்லால் ஆன ஊர்.
ஒட்டகங்கள் பட்டும் அபினும் சுமந்து
சிந்துவுக்குப் போன வழி அது.
சுங்கம் வாங்கியே கோட்டை கட்டினார்கள்.
பம்பாய்க்குக் கப்பல் வந்தது, வழி இளைத்தது.
கோடு போட்டார்கள், வழி செத்தது.
லீவு முடிந்து போனால் அந்த ஊர் வரைதான் ரயில்.
அதற்கு மேல் லாரி
அதற்கு மேல் ஒட்டகம்
அதற்கு மேல் முள்கம்பி.

சில ராத்திரி என் போன்
அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும்,
கடிகாரம் அரை மணி பின்னால் போய்விடும்.
ஒருமுறை ட்யூட்டிக்கு லேட்டாகித் திட்டு வாங்கினேன்.
அந்த நாட்டு மணிப்படி
சீக்கிரமாகத்தான் வந்திருந்தேன்.

அங்கேயும் ஒரு கால்வாய்.
பனிமலைத் தண்ணீர்
அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து மணலில் தீர்ந்துபோகும்.
கடைமடையை உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்றேன்.
'டெயில்' என்றான் பூராராம்.
தண்ணீர் வருமா?
மேலே இருப்பவர்கள் குடித்தது போக வரும் என்றான்.
அன்றைக்குத்தான் அவனுக்கு
என் வீட்டுச் சாம்பார்ப்பொடியில் பாதி கொடுத்தேன்.

கடைசியில் முனாபாவ்.
வேலியில் ஒரு கதவு, கதவுக்குள் தண்டவாளம்.
வாரம் ஒருநாள் திறப்போம்.
ஜன்னலோரம் ஒருத்தி
விசா காகிதத்தைக் கைப்பிள்ளை மாதிரி
மடியில் படுக்க வைத்திருந்தாள்.
ஒரு ஆகஸ்டில் ஆர்டர் வந்தது. பூட்டினோம்.
சாவியை யாரிடம் ஒப்படைத்தேன் என்று
ரெஜிஸ்டரில் இருக்கும்.

ஊருக்கு வந்தால் இங்கேயும் வெள்ளை.
வயல் பச்சை கரியாப்பட்டினத்தோடு சரி.
பிறகு சவுக்கு, முந்திரி,
பிறகு கண் கூசும் உப்பளம்.
மேட்டூரில் திறந்த தண்ணீர் நம்மிடம் வருவதற்குள்
ஆற்றில் பெயர் மட்டும் மிச்சம்:
மானங்கொண்டான்.

இந்த உப்பை ஏற்றத்தான்
வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டான்.
இந்த உப்பைக் கையால் அள்ளியதற்குத்தான் அடித்தான்.
பிறகு நாமே ரயிலை நிறுத்தினோம்.
இருபது வருடம் போல
சீமைக்கருவைதான் பயணம் செய்தது,
டிக்கெட் இல்லாமல்,
இரண்டு பக்கமும் கிளை நீட்டிக்கொண்டு.

போன ஞாயிறு கோடியக்கரைக்கு பஸ் ஏறினேன்.
கால் ஈரமணலில் இருந்தது.
போன் அதிர்ந்தது: இலங்கைக்கு நல்வரவு.
உடனே மணியைப் பார்த்தேன், பழக்கதோஷம்.
நகரவில்லை.
இரண்டு கரைக்கும் ஒரே மணி, ஒரே காற்று,
ஒரே வலையில் ஒரே மீன்.
ஆரோக்கியத்தின் படகு மட்டும்
தை மாதத்திலிருந்து அங்கே கட்டிக் கிடக்கிறது.
வேலி இருந்திருந்தால்
அதில் ஒரு கதவு வைத்திருப்பார்கள்.
கதவு இருந்தால் திறக்க
ஒரு ஆளைப் போட்டிருப்பார்கள்.
தண்ணீரில் யாரிடம் போய்ச் சாவி கேட்பது?

தோப்புத்துறை கேட்.
ரயில் தாண்டி நின்றுவிட்டது. இறங்கிவிட்டேன்.
ஜபருல்லாவின் உப்பு லாரி கத்துகிறது:
'வேதையன் அண்ணே, தூத்துக்குடிக்காரன் முந்திக்குவான்,
சீக்கிரம் திறங்க.'
நான்கு ஆடு, ஒரு ஸ்கூல் வேன்,
மீன்கூடை கட்டிய டிவிஎஸ்,
யாரிடமும் காகிதம் கேட்காமல் திறந்துவிட்டேன்.
கொஞ்சம் நின்று பார்த்தேன்,
எல்லோரும் அந்தப் பக்கம் போனதை.

கார்டு விசில் ஊதுகிறார்.
அரை மணி லேட் என்கிறாள் செல்வராணி போனில்.
எந்த ஊர் மணிக்கு என்றேன்.
புரியவில்லை அவளுக்கு.
நெய்விளக்கில் இறங்குகிறவர்கள்
அதற்குள் எழுந்து பையைத் தேடுகிறார்கள்.