எழுத்துப் பிழை

போர்ட் லூயி துறைமுகத்தில் பதினாறு படி.
ஏறி முடித்தபோது எனக்கு முப்பத்து நாலு வயது.
இன்றைக்கும் அதேதான்.
என்றும் பதினாறு என்பார்களே,
எனக்கு அது படிக்கணக்கு.

மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தா,
மூக்கில் சளி, பேனாவில் மை கம்மி.
நான் சொன்னது ஒன்று,
அவன் எழுதியது தாயிமான்.
ஊரில் எவனுக்கும் இல்லாத பெயர்,
எமனின் ஓலையிலும் இல்லாத பெயர்.
அவ்வளவுதான் என் அமிர்தம்.

மலேரியா வருஷம் அவன் தோட்டத்துக்கு வந்தான்.
எருமையைக் கரும்புச் சோகையில் மேயவிட்டு
லயத்து வாசலில் நின்று கூப்பிட்டான்,
பிரசவ வலியில் என் அம்மா வேண்டிக்கொண்ட
மலைக்கோட்டைச் சாமியின் பெயரை,
ஒரு மாத்திரை குறையாமல்.
கப்பலேறிய பிறகு யாரும் என்னை
அப்படிக் கூப்பிட்டதில்லை.
"ஏன்" என்று வாய்வரை வந்துவிட்டது.
"அப்படி யாரும் இங்கே இல்லையே"
என்றார் பக்கத்துப் பாயில் கிடந்த சிங்காரம்.
பொய்யில்லை, அவருக்குத் தெரியாது.
எமன் ஓலையைத் திருப்பிப் பார்த்தான்.
வந்ததற்குச் சிங்காரத்தைக் கூட்டிக்கொண்டு போனான்.

எனக்கு ஏழு பிள்ளைகள்.
பதிவேட்டில் அந்தப் பிழைதான் அவர்களுக்குச் சரியான பெயர்.
ஆகவே ஒவ்வொருவராய், முறைப்படி, செத்தார்கள்.
கடைசி மகளுக்கு எண்பத்தொன்று.
ஆஸ்பத்திரியில் என்னைப் பேரன் என்று எழுதிக்கொண்டார்கள்.
நான் திருத்தவில்லை.

இப்போது கத்ர் போர்னில்
பஸ் நிலையத்துக்குப் பின்னால் வாடகை வீடு.
ஐந்தாம் மனைவி செல்வினா
நூலகத்திலிருந்து தடித்தடியாய் மாயக்கதை எடுத்து வருவாள்.
அதில் சாகாதவர்கள் கோட்டை உச்சியில் நின்று
நிலாவைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள்.
வரமா, சாபமா, நீ சொல் என்கிறாள்.
எனக்கு எங்கே சலிப்பு?
கடைவாய்ப் பல் வலிக்கிறது.
கரண்ட் பில் கட்டவேண்டும்.
ஆலையில் போன சுண்டுவிரல்
நூற்றைம்பது வருஷமாய் முளைக்கவில்லை.
வௌவால் வருவதற்குள்
லிச்சி மரத்துக்கு வலை போடவேண்டும்.

ஆனால் அவள் கோவில் இரவு வகுப்பில்
தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.
போன வாரம் உயிர்மெய் வந்துவிட்டது.
"இது பெயரே இல்லை, நடுவில் என்னவோ உதிர்ந்திருக்கிறது"
என்று என் அடையாள அட்டையை முறைக்கிறாள்.

நீங்களும் தமிழ் தெரிந்தவர்கள்,
கண்டுபிடித்திருப்பீர்கள்.
மனசுக்குள் வையுங்கள்.
உரக்க வேண்டாம்.

இன்று சாயங்காலம் நோட்டில், பென்சிலால்,
தா என்று எழுதினாள்.
யோசித்து, பக்கத்தில் யு.
நாக்கில் வைத்துப் பார்த்தாள்.
"அப்புறம் என்ன?"

வெளியே ஏதோ கனமாய் மூச்சு விட்டது.
பஸ்ஸாக இருக்கலாம்.
அவள் வாயால் முழுசாய் ஒரு தரம்
கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.
வலை போடாத லிச்சியும் ஞாபகம் வந்தது.

"மா" என்றேன்.

மீதி மூன்றெழுத்து.
அது நாளைக்கு.
இல்லையென்றால், பழம் இறங்கட்டும்.