மூன்றாவது சாவி

பெட்டிக்கு மூன்று பூட்டு.
ஒரு சாவி நபிந்துவிடம், ஒன்று என்னிடம்.
மூன்றாவதை சிஃபாவிடம் கொடுத்த அன்று
நாலு பேர் எழுந்து போனார்கள்.
துவாக்காரி தொட்ட பணத்தை
எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவதாம்.
அடுத்த வியாழன் இரண்டு பேர் திரும்பினார்கள்;
கடன் வேண்டியிருந்தது.

பிறகு துப்பாக்கிகள் மலையிறங்கின.
கிவு ஏரிக்கரை நெடுக ஓடினோம்,
ஆளுக்கொரு பிள்ளை, ஆளுக்கொரு பாய்.
பெட்டி அங்கேயே. கணக்குநோட்டும்.

முகாமில், தார்ப்பாய்க்குக் கீழே
இடுப்பு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால்
மூன்று சாவியும் வந்திருந்தன.
சிரித்தோம்.
சிரித்துக்கொண்டிருந்த நபிந்து அழுதாள்.

எழுத்து தெரியாத சிஃபா
கண்ணை மூடிச் சொல்லத் தொடங்கினாள்:
சிபலோன்சா, எட்டுப் பங்கு,
ஆட்டுக்கு வாங்கிய கடனில் பாதி பாக்கி.
ஃபைதா, ஐந்து. பிரசவச் செலவு,
வட்டி வேண்டாமென்றோம்.
வழியில் விழுந்தவர்கள் பெயரையும்
விடாமல் சொன்னாள், தொகையோடு.

அன்று எழுந்து போய்
திரும்பாத இருவரில் ஒருத்தி
மெல்ல நகர்ந்து அவளருகே உட்கார்ந்தாள்.
நான் கட்டின முதல் தவணை
நினைவிருக்கிறதா என்றாள்.
இருந்தது.

பால்மாவு டின் ஒன்று கிடைத்திருக்கிறது.
மூடி சரியாகப் பொருந்தவில்லை.
இன்று வியாழன்.