கோடு

கஸ்தூரியார் வீதியில் மூன்றடி அகலக் கடை.
போனுக்குக் கண்ணாடி ஒட்டுவேன்,
சிப்புக்குப் பாட்டேற்றுவேன்,
எது எத்தனை தரம் போனதென்று
ஒற்றை றூள் கொப்பியில் கோடு கிழிப்பேன்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
சனி இரவு கூட்டினால்
கிழமையின் முதலிடம் தெரியும்.
வானொலிக்காரரும் ஒளித்து வந்து கேட்பார்கள்.

ஆனியில் பைலாவுக்கு முதலிடம் பாசையூர் எமல்டா.
நாவாந்துறை ஓட்டோக்காரர்
சீற்றில் தாளம் தட்டியபடி வாங்கிப் போனார்கள்.
ஆடியில் பக்திக்கு எமலாம்பிகை என்றொருத்தி.
நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல்நாள்
கச்சான் விற்கிறவர்
முப்பது சிப் கொண்டுவந்து கொட்டினார்.
றப்பில் எமி. இரண்டாம் நிமிடத்தில் ஒரு வசை வரும்;
ரியூசன் விட்டுவரும் பெடியள்
அந்த இடத்தில் மட்டும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள்.
கலியாணப் பாட்டில் திருமதி யோசப்.
முப்பத்தோராம் நாள் வீடியோக்களின் அடியில் ஓடுகிற பாட்டுக்கோ
பெயரே இல்லை,
‘பெண்குரல்’ என்று மட்டும்.

கறண்ட் இல்லாத மழைநாளொன்றில்
ஹெட்போனைக் காதில் வைத்து
ஐந்தையும் அடுத்தடுத்துக் கேட்டேன்.
மூச்சை இழுக்கும் இடத்தில்
ஐந்து பேருக்கும் ஒரே சின்ன விக்கல்.

ஆருக்கும் சொல்லவில்லை.
சொன்னால் கச்சான்காரர் காசைத் திருப்பிக் கேட்பார்.

போன கிழமை ஒருத்தி வந்தாள்.
கழுத்தில் மப்ளர், கையில் சுடுதண்ணிப் போத்தல்.
வாய் திறக்காமல் துண்டொன்று நீட்டினாள்:
‘நூறு ரூபா றீலோட். தொண்டை சரியில்லை.’
நான் இலக்கத்தை அடிக்கையில்
பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன் கேட்டான்:
“அண்ணை, உந்த எமியோ எமல்டாவோ, ஆர் திறம்?”
சில்லறை எண்ணிய விரல்கள் நின்றன.
“பைலாவெண்டால் எமல்டாதான்,” என்றேன்.
“ஆனா எமியின்ரை கோடு கூடிக்கொண்டு வருது.”
“எமிக்கு உந்தப் பைலா வராது,” என்றான் அவன்
நிச்சயமாக.
மப்ளருக்குள் ஏதோ குலுங்கியது,
இருமலோ சிரிப்போ தெரியாது.

அவன் போனதும்
கொப்பியைத் தன் பக்கம் திருப்பினாள்.
பைலாவைப் பார்த்தாள், பக்தியைப் பார்த்தாள்,
றப்பில் கொஞ்சம் கூடநேரம் நின்றாள்.
பிறகு என் பேனையை எடுத்து
‘பெண்குரல்’ என்ற இடத்துக்கு நேரே
ஒரு கோடு கிழித்தாள்.
மிச்சக் காசை வாங்காமல் மழைக்குள் இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை கூட்டினேன்.
கள்ள வோட்டுத்தான். அழிக்கவில்லை.
அப்படியும் அது எட்டாம் இடம்.